பழைய டீசல் வண்டியில் இழுவையைக் கூட்டலாமா?

விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டு செல்ல ஒரு சிறு பார வண்டி வேண்டும் என்னும் எண்ணம் உழவர்களிடையே இன்று பரவலாக உண்டு. புது வண்டி வாங்கப் பணம் போதாதவர்கள், பிறர் ஓட்டிப் பழகிய டீசல் வண்டியை வாங்குகின்றனர். வாங்கிய சில வாரங்களிலேயே ஒரு குறை தலைகாட்டுகிறது. சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, சுமையேற்றி மேட்டில் ஏறுகையில் திணறுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், பம்பில் ஒரு திருகைச் சற்றே திருப்பினால் இழுவை கூடிவிடும் என்று யாரேனும் சொல்வார். அச்சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. அதனாலேயே அது பலரையும் நட்டத்தில் இழுத்து விடுகிறது. கடன்பட்டு வண்டி வாங்கியவர்களும், ஊராட்சிக்கு வாகனம் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் உறுப்பினர்களும் இதன் உட்பொருளை அறிந்து வைத்திருப்பது நலம்.

பெட்ரோல் எந்திரத்தில் தீப்பொறியைக் கொண்டு எரிபொருள் கொளுத்தப்படுகிறது. டீசல் எந்திரத்தில் அத்தகைய பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். அதே போன்று, சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்போது, எண்ணெய் தானே பற்றிக்கொள்ளுமளவு அக்காற்று சூடேறுகிறது. அத்தருணத்தில் இன்ஜெக்டர் எண்ணெயை நுண்துளிகளாகப் பீச்சுகிறது. ருடால்ப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டிய எந்திரமும், நெருக்கிய காற்றின் சூட்டையே நம்பி ஓடிற்று.

ஆகவே எந்திரத்தின் வலிமை எண்ணெயில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் துளியும் காற்றும் செவ்வையாகக் கலந்துவிடுவதில்லையாதலால், இதனினும் மிகுதியான காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும். காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் சிறிது தூரம் வரை இழுவை ஏறும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கரும்புகையாய் வெளியேறும். அப்புகை நம் பணம்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்து நாடெங்கும் பரவிய டாட்டா ஏஸ் வண்டியில் இரண்டு சிலிண்டர்களும் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய டீசல் எந்திரம் இருந்தது. அதன் திறன் 16 குதிரைத்திறன். சுமையோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 1,550 கிலோ என்று கொள்வோம். பத்தடி சென்றால் ஓரடி உயரும் மேட்டில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வெடை ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 13 குதிரைத்திறன் வேண்டும். கியரிலும் அச்சிலும் உராய்வால் வீணாவதைக் கழித்தால், எந்திரத்தில் மிஞ்சுவது அவ்வளவே. வண்டியைச் செய்தவர்கள் கணக்குப் பார்த்தே செய்திருக்கிறார்கள். சுமையில் 200 கிலோவைக் குறைத்தால் அதே மேட்டிற்கு 11 குதிரைத்திறனைச் சற்றே கடந்தால் போதும். அஃதாவது, நான்கு மூட்டையை இறக்கி வைப்பது, எந்திரத்தில் இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் கூட்டியதற்கு ஒப்பாகும். இதற்குப் பட்டறைக் கூலி கிடையாது.

பழைய வண்டியில் பெரும்பாலும் வேண்டுவது புதிய வலிமையன்று. இழந்துபோன வலிமையை மீட்பதே. முதற்கண் பார்க்க வேண்டியது, ஏர் பில்டர் என்று வழங்கும் காற்று வடிகட்டி. செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு, நகரத்து வண்டிக்குக் குறித்த தவணை பொருந்தாது. அடுத்து டீசல் வடிகட்டி; அதன் அடியில் தங்கும் நீரை அவ்வப்போது வடித்து விடல் வேண்டும். எண்ணெயை டப்பாக்களில் வாங்கி வைத்து ஊற்றும் வழக்கமுள்ள ஊர்களில் பம்பு கெடுவதற்குப் பெரும்பாலும் இந்த நீரே காரணம். இன்ஜெக்டரின் முனை தேய்ந்தால் எண்ணெய் தூறலாக விழாமல் தாரையாக விழும். அது பாதி எரியும், பாதி புகையும். டீசல் பம்புப் பட்டறைகளில் முனையைக் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்துப் பீச்சச் செய்து, தூறலைக் கண்ணாலேயே காட்டுவார்கள். உரியவர் அருகில் நின்று பார்ப்பது நல்லது. வால்வு இடைவெளியையும், எண்ணெய் பீச்சும் நேரத்தையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சீராக இருந்தும் இழுக்காவிட்டால், கம்ப்ரஷன் எனும் நெருக்கத்தை அளந்தறிய வேண்டும். பிஸ்டன் ரிங்கு தேய்ந்தும் வால்வு உட்காராமலும் காற்று கசியும் எந்திரத்திற்கு வேறெந்த வித்தையும் பயன்படாது. புகையின் நிறமும் ஒருவாறு உண்மையைச் சொல்லும். கறுப்பு, காற்றுக் குறைவையோ எண்ணெய் மிகுதியையோ காட்டும். நீலம், எந்திர ஆயில் எரிவதைக் காட்டும். எந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமல் போகிறது, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது என்று கொள்ளலாம். பிரேக்கு உராய்ந்துகொண்டிருப்பதும், கிளட்ச் வழுக்குவதும், டயரில் காற்றுக் குறைவதும் எந்திரத்தின் பழியாகவே பேசப்படுகின்றன. எந்திரத்தைப் பிரிக்குமுன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்கு.

இனி அந்தத் திருகுக்கு வருவோம். பழைய வகைப் பம்புகளில் எண்ணெயின் உச்ச அளவை வரையறுக்கும் திருகு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அதற்கு முத்திரை இட்டிருப்பார்கள். அதைத் தளர்த்தி எண்ணெயைக் கூட்டினால் சிலிண்டருக்குள் சூடு ஏறுகிறது. தூய அலுமினியம் 660 பாகை சென்டிகிரேடில் உருகும். பிஸ்டன் வார்க்கும் கலவையோ அதனினும் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். நீண்ட மேட்டில், தாழ்ந்த கியரில், முழுச் சுமையோடு அரைமணி நேரம் ஏறும் வண்டியில்தான் பிஸ்டனின் தலை ஓட்டையாகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து, பேரிங்குகளையும் தேய்க்கும். மலைப்பகுதியினர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் கூட்டி வைத்த எண்ணெய்க்கு அங்கே காற்று கிடையாது.

காற்றைக் கூட்டும் முறையும் உண்டு. வெளியேறும் புகையின் விசையாலேயே சிறு விசிறியைச் சுழற்றிக் காற்றை உள்ளே திணிக்கும் டர்போவுக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். டர்போவோடு பிறந்த வண்டிகளில், முதலில் காற்றுக் குழாய்களின் கசிவைப் பார்க்க வேண்டும். விரிந்துபோன ஒரு ரப்பர்க் குழாயை மாற்றியதும் வண்டி பறப்பதுண்டு. எண்ணெயின் அளவைக் கணினி வகுக்கும் இவ்வண்டிகளில், அக்கணினியின் நிரலை மாற்றி இழுவையை ஓரளவு கூட்டவும் இயலும். ஆனால் கிளட்சும் கியரும் அச்சும் பழைய அளவிலேயே இருக்கின்றன. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த வண்டிக்கு இதனை நான் பரிந்துரையேன். டர்போ இல்லாத எந்திரத்தில் அதைப் புதிதாகப் பொருத்துவது, பிஸ்டன் முதல் ரேடியேட்டர் வரை அனைத்தையும் மாற்றும் வேலை. அச்செலவில் பெரிய வண்டியே வாங்கலாம்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரணான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகைச் சான்றும் கிட்டாது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனத்தாரிடம் வாதாடுவதும் எளிதன்று. இழுவையைக் கூட்டினோர் பிரேக்கைக் கூட்டுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் ஏறிய வண்டி இறங்கியும் ஆக வேண்டுமன்றோ?

வண்டி வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில், எந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். எந்திரம் ஓடுகையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், அவ்வழியே புகை குபுகுபுவென வரக்கூடாது. பம்பின் முத்திரை உடைந்திருக்கிறதா என்பதையும் நோக்க வேண்டும். ஊராட்சிக்கு வாங்குவதாயின், ஏற்ற வேண்டிய சுமையையும் ஊரின் மிகச் செங்குத்தான மேட்டையும் விலைப்புள்ளி கோரும்போதே எழுத்தில் குறித்து, அம்மேட்டில் அச்சுமையோடு ஓட்டிக் காட்டுமாறு கேட்கலாம்.