பழைய அமெரிக்க மஸில் கார் வியாபாரம்: விலை இறங்கும்போது நேர்மைக்கு வரும் சோதனை

அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல்களில் ஒன்று 1921ஆம் ஆண்டு ஹைலண்ட் பார்க்கில் எழுந்தது. டெட்ராய்ட் நகரம் ஏறக்குறைய நாலாபுறமும் சூழ்ந்த ஊர் அது. அங்கே முஸ்லிம்கள் குடியேறக் காரணம் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலை. பிறகு ஃபோர்டு நிறுவனம் டியர்பார்னில் மாபெரும் ரூஜ் ஆலையை அமைத்தபோது தொழிலாளர்களும் அங்கே நகர்ந்தார்கள். லெபனான் நாட்டவரோடு யமன் நாட்டவரும் சேர்ந்தார்கள். ஆலையின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் 1938ல் அவர்கள் ஒரு பள்ளிவாசலைத் தொடங்கினார்கள். 1964 முதல் 2004 வரை மஸ்டாங் கார்கள் அந்த ரூஜ் வளாகத்திலிருந்து வெளிவந்தன.

அந்தக் காலத்துக் கார்கள் இன்று சேகரிப்பாளர்களின் சந்தையில் கைமாறுகின்றன. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்களிலும் சிலருக்கு இந்த ஆசை இருக்கிறது. "வீட்டில் நிறுத்தி வைத்தாலே விலை ஏறும், இது முதலீடு" என்று சொல்லி இறங்குகிறார்கள். இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது, எங்கே ஏமாற்றம் நுழைகிறது, மார்க்கம் அதில் எங்கே நிற்கிறது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

மஸில் கார் என்பது நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய வண்டி. 1964ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு முன்னோடி என்பார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. பான்டியாக் பிரிவினர் அதைச் சுற்றி வளைத்துக் கடந்தார்கள். 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதி என்று விற்றார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் போயின. பிறகு செவ்ரோலே செவெல், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர் என்று எல்லா நிறுவனங்களும் இந்தப் போட்டியில் இறங்கின.

பத்தாண்டு கூட அது நிலைக்கவில்லை. இளைஞர்கள் ஓட்டும் வேகக் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970ல் காற்று மாசைத் தடுக்கும் கடுமையான சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் இந்த வண்டிகளை விரும்ப ஆளில்லை. பழைய கார் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போனவை பல. இன்று அவற்றில் மிஞ்சியவை குறைவு என்பதால்தான் இந்த விலை.

விலை எதில் இருக்கிறது?

இந்தச் சந்தையில் விலை இரும்பில் இல்லை, காகிதத்திலும் எண்ணிலும் இருக்கிறது. வெளியார் பலருக்கு இது புரிவதில்லை. 1970ல் ஒருவர் பிளிமத் குடா காருக்கு 426 கன அங்குல ஹெமி எஞ்சின் வேண்டுமென்று கேட்டால் ஏறக்குறைய 871 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் கொடுக்கவில்லை. 1971ல் ஹெமி எஞ்சினோடு, மேற்கூரையை மடக்கக்கூடிய குடா கார்கள் பத்துப் பன்னிரண்டுதான் வெளிவந்தன. அவற்றில் ஒன்று 2014ல் மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஆண்டில், அதே ஆலையில், சாதாரண எஞ்சினோடு வந்த குடாவின் விலை இதில் ஒரு சிறு துளி.

அப்படியென்றால் சாதாரணக் காரில் ஹெமி எஞ்சினைப் பொருத்தி, சின்னங்களை ஒட்டி, அசல் என்று விற்றால் என்ன ஆகும்? நடக்கிறது. அதற்குக் குளோன் என்று பெயர். டைனகார்ன் என்ற நிறுவனம் 1969 கமாரோ, 1967 மஸ்டாங் ஆகியவற்றின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. சட்டப்படி அது தவறில்லை. அந்தப் புது உடலில் பழைய காரின் எண் தகட்டை ஒட்டினால்தான் பொய் தொடங்குகிறது.

எனவே வாங்குபவர்கள் 'எண்கள் ஒத்துப்போகின்றனவா' என்று பார்க்கிறார்கள். வண்டியின் அடையாள எண்ணும், எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பொறித்த எண்ணும் ஒரே வண்டிக்கு உரியவையா என்பதே கேள்வி. இன்றுள்ள பதினேழு எழுத்து அடையாள எண் 1981ல்தான் கட்டாயமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. 1970 பிளிமத் காரின் எண்ணில் ஐந்தாவது எழுத்து 'ஆர்' என்றிருந்தால் அது ஹெமியோடு பிறந்தது. ஆனால் 1970 செவெல் எஸ்.எஸ். காரின் எண்ணைப் பார்த்து அது உண்மையான எஸ்.எஸ். என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் அந்த ஆண்டில் எஸ்.எஸ். வெறும் கூடுதல் வசதி. ஆலையில் வண்டியோடு வந்த தயாரிப்புத் தாள் கிடைத்தால்தான் நிரூபணம். அந்தத் தாள் பல வண்டிகளில் இருக்கையின் கம்பிச் சுருளுக்குள்ளோ பெட்ரோல் டாங்கின் மேலோ சிக்கிக் கிடக்கும், பலவற்றில் மக்கிப் போயிருக்கும். பான்டியாக் வண்டிகளுக்குப் பழைய ஆலைப் பதிவுகளிலிருந்து சான்று வாங்கலாம். ஃபோர்டு வண்டிகளுக்கு 1967 முதல் இந்த வசதி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவு சில பத்து டாலர்கள் முதல் சில நூறு டாலர்கள் வரைதான். ஐம்பதாயிரம் டாலர் கொடுக்கத் தயாரானவர் இந்தச் சின்னச் செலவில் சிக்கனம் பிடிப்பது வேடிக்கை.

'புல்லிட்' திரைப்படத்தில் ஓடிய 1968 மஸ்டாங் இதற்கு நல்ல உதாரணம். ஒரு குடும்பம் 1974ல் 6,000 டாலருக்கு வாங்கிப் பல்லாண்டுகள் வைத்திருந்த கார் அது. மெருகேற்றவில்லை, புது வண்ணம் பூசவில்லை. 2020 ஜனவரியில் கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்குப் போனது. பழைய பெயின்ட்டும் துருவும் விலையைக் குறைக்கவில்லை. அது அந்தக் கார்தான் என்பதை எண்ணும் ஆவணமும் நிரூபித்தன.

சந்தை மாறியது எப்படி?

இப்படிப்பட்ட அபூர்வங்களைப் பார்த்து எல்லாப் பழைய காரும் தங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 2000களின் நடுவில் மஸில் கார் விலை உச்சத்துக்குப் போய், 2008 நிதி நெருக்கடியில் விழுந்தது. கொரோனா காலத்துக்குப் பின் 2021, 2022ல் மீண்டும் ஏறியது. அதன் பிறகு சூடு தணிந்திருக்கிறது. வட்டி விகித உயர்வு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. 1960களில் இந்தக் கார்களை ஏக்கத்தோடு பார்த்த பையன்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாங்குவதை நிறுத்தி, விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் ஆசை 1990களின் டொயோட்டா சூப்ரா, நிஸான் ஸ்கைலைன் போன்ற ஜப்பானியக் கார்களின் மேல் போய்விட்டது. விற்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு. மிக அரிய கார்கள் தாக்குப்பிடிக்கின்றன, நடுத்தரமானவைதான் முதலில் அடிவாங்குகின்றன. பழைய காரை முழுமையாகச் சீரமைக்க ஆகும் செலவு பெரும்பாலும் விற்கும் விலையைவிட அதிகம். ஏலத்தில் வாங்கினால் பத்து விழுக்காடு அளவுக்குக் கட்டணம், அதன்மேல் போக்குவரத்து, காப்பீடு, நிறுத்த இடம். முதலீடு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கடனில் வாங்கியவர் நிலை இன்னும் மோசம். வட்டி ஹராம் என்பது ஒருபுறம், காரின் விலையைவிட பாக்கிக் கடன் பெரிதாகிவிடுவது மறுபுறம்.

விலை ஏறும் காலத்தில் குறையை மறைக்க வேண்டிய அவசியம் குறைவு, எதுவானாலும் போய்விடும். இறங்கும் காலத்தில்தான் விற்பவரின் நாக்கு சுருங்குகிறது. கதவுக்கடியில் துருவை வெட்டி எடுக்காமல் பட்டி வைத்து மேலே பெயின்ட் அடிப்பது, எஞ்சின் எண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பொறிப்பது, "எனக்குத் தெரிந்தவரை அசல்தான்" என்று மழுப்புவது எல்லாம் அப்போதுதான்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்தது அவர் குற்றமல்ல, அடியில் வைத்ததுதான் குற்றம். குளோன் காருக்கும் இதே அளவுகோல். "இது குளோன், எஞ்சின் வேறு வண்டியுடையது" என்று சொல்லி விற்றால் ஹலாலான வியாபாரம். அதை விரும்பி வாங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். வாய் திறக்காமல் அசல் விலை வாங்கினால் அது மோசடி.

அமெரிக்காவில் பழைய கார்கள் பெரும்பாலும் 'இருக்கிறபடியே விற்கிறேன்' என்ற நிபந்தனையோடு விற்கப்படுகின்றன. இதற்கு மார்க்கத்தில் என்ன இடம்? ஹனஃபி மத்ஹபில் எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை வாங்குபவர் ஏற்றால் செல்லும். ஷாஃபி மத்ஹபில் இது மிகக் குறுகியது. பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தையால் விற்பவர் தப்பிக்க முடியாது, குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரண்டு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தாளில் எழுதிய ஒரு வரி அதை ஹலாலாக்கிவிடாது.

ஏலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஏலம் விடுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தடுக்கப்பட்டது நஜ்ஷ், அதாவது வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் இதற்குத் தெளிவான தடை இருக்கிறது. விற்பவரின் மைத்துனர் கூட்டத்தில் நின்று கைதூக்குவது இதுதான். அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுள்ள பொது வணிகச் சட்டமும், முன்னறிவிப்பில்லாமல் விற்பவர் தானோ ஆள் வைத்தோ விலை கேட்டது தெரிந்தால், வாங்கியவர் ஏலத்தை ரத்து செய்யலாம் அல்லது நேர்மையாகக் கேட்கப்பட்ட கடைசி விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

இதுவரை வாங்குபவர் ஏமாறுவதைப் பேசினோம். விற்பவர் ஏமாறுவதும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கணவர் இறந்த பின் கொட்டகையில் கிடக்கும் வண்டியை ஒரு மூதாட்டி விற்க நினைக்கிறார். விவரம் தெரிந்தவர் வீடு தேடிப் போய், "பழைய இரும்பு, மூவாயிரம் தருகிறேன்" என்கிறார். எண்ணைப் பார்த்தவருக்கு அதன் மதிப்பு பல மடங்கு என்று தெரியும். இப்படிக் கண்டெடுத்த கதைகள் கார் பிரியர்களிடையே வீரக்கதைகளாக உலவுகின்றன. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கினால், விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றார்கள். சந்தை விலை தெரியாதவரின் அறியாமையைக் காசாக்குவது வெற்றி அல்ல. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. அவர் உரிமையாளரிடம் போய், உன் குதிரை இதைவிட மதிப்புள்ளது என்று தாமே விலையை ஏற்றி ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியிடம் உறுதிமொழி கொடுத்திருப்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவி (ரஹ்) இதைக் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தின் வேக வாகனம் குதிரைதானே.

ஜகாத்தும் வாரிசுரிமையும்

சொந்தமாக ஓட்டுவதற்கோ ஆசைக்கோ வைத்திருக்கும் காருக்கு, விலை எத்தனை இலட்சமானாலும், ஜகாத் இல்லை. (வீண் விரயமா என்பது வேறு கேள்வி, அதை அவரவர் அல்லாஹ்வுக்கு முன் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.) விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடே வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி ஹிஜ்ரி ஆண்டு நிறையும் நாளில் அதன் சந்தை விலையில் இரண்டரை விழுக்காடு கடமையாகிறது. வாங்கிய விலை கணக்கல்ல. எண்பதாயிரத்துக்கு வாங்கி இன்று ஐம்பதாயிரம் மட்டுமே பெறுமென்றால் ஐம்பதாயிரத்துக்குத்தான் ஜகாத். ஏறியிருந்தால் ஏறிய விலைக்கு. ஓட்ட வாங்கிவிட்டு இடையில் விற்க நினைத்தால், எண்ணம் மட்டும் அதைச் சரக்காக்காது என்பது பெரும்பான்மைக் கருத்து. உங்கள் நிலை இவற்றில் எது என்று தெளிவில்லாவிட்டால் ஓர் ஆலிமிடம் காரின் விவரத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிவரும் ஆண்டுகளில் இந்தக் கார்களில் பெரும்பகுதி ஏலமேடையைவிட வாரிசுகளின் கையில்தான் மாறப்போகிறது. தந்தை விட்டுச் சென்ற கார் முதலில் கடனுக்கும் வஸிய்யத்துக்கும் உட்பட்டது. அதன்பின் எல்லா வாரிசுகளுக்கும், மகள்கள் உட்பட, பங்கு உண்டு. "அத்தா எனக்குத்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்" என்று மூத்த மகன் சாவியை எடுத்துக்கொண்டு, தந்தை வாங்கிய பழைய விலையைக் கணக்கில் எழுதுவது மற்றவர்களின் உரிமையைப் பறிப்பதாகும். வைத்துக்கொள்ள விரும்பினால், எண்களைச் சரிபார்க்கத் தெரிந்த வெளியாளிடம் மதிப்பீடு வாங்கி, பங்கு பிரிக்கும் நாளின் விலைக்கு, மற்ற வாரிசுகள் மனமொப்பிச் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பீட்டுக் கடிதத்தின் நகல் ஒவ்வொரு வாரிசிடமும் இருக்கட்டும்.