கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறு தச்சுப் பட்டறை அமைத்துக் கொண்டிருக்கிறார். பேரக் குழந்தைக்காக அவர் செய்திருந்த நடைவண்டியைக் கண்டு மெச்சினோம். ஆனால் வீட்டு அம்மாள் நம்மைக் கூடத்து நிலைக்கண்ணாடிக்கு எதிரே அழைத்துச் சென்றார்.

"நேற்று இரவு துடைத்த கண்ணாடி. விரலை வைத்துப் பாருங்கள்" என்றார்.

விரலில் மாவு போன்ற மெல்லிய தூள் ஒட்டிற்று. குழந்தையோ ஒரு மூலையில் உட்கார்ந்து தும்மிக் கொண்டிருந்தது.

"தினமும் பெருக்கித் தள்ளுகிறேனே!" என்றார் நண்பர். இடர் அங்கேதான் இருக்கிறது. விளக்குமாற்றில் அகப்படுவது பெருந்தூள். அதனால் அதிகக் கெடுதி இல்லை. தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் குறைந்த தூளோ மூச்சோடு மார்புக்குள் புக வல்லது. அதில் மிக நுண்ணியது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பெருக்கினால் மீண்டும் எழும்பும்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலித் தொழிலுக்குப் பெயர் போனது. அப்பகுதியின் மரச் சாமான் தொழிலாளரிடையே, மூக்கினுள் தோன்றும் அபூர்வமான ஒரு புற்றுநோய் அளவுக்கு மீறிக் காணப்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற வைத்தியர் கவனித்தார். அவரும் அச்சிசன் முதலிய வைத்தியர்களும் 1968-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 1995-ல் வெளியிட்டது. இவை பல்லாண்டு பட்டறையில் உழைத்தவர்களைப் பற்றிய செய்திகள். பொழுதுபோக்காக மரம் இழைப்பவர் நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் தேக்கு, ஈட்டி இவற்றின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உண்டாக்கும் என்பதை மறக்கலாகாது.

ஆகவே, தூளை உறிஞ்சும் யந்திரம் வாங்க நண்பர் தீர்மானித்தார். எதை வாங்குவது? கடைக்காரர் குதிரைச் சக்தியைப் பற்றித்தான் பேசுவார். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவது, எந்தக் கருவிக்கு? இந்த யந்திரங்களில் இரண்டு ஜாதி உண்டு. சிறு குழாய் உள்ளது பலமாக இழுக்கும். ஆனால் கொஞ்சம் காற்றையே இழுக்கும். உப்புத்தாள் பூட்டித் தேய்க்கும் கைக்கருவிக்கு அது பொருத்தம். 4 அங்குலக் குழாய் உள்ளது மெதுவாக இழுத்தாலும் ஏராளமான காற்றை வாரிக் கொண்டு போகும். மேஜை ரம்பத்துக்கும் இழைப்பு யந்திரத்துக்கும் அதுவே வேண்டும். அந்தக் குழாயில் சிராய்கள் தங்காமல் ஓட, நிமிஷத்துக்குச் சுமார் 350 கன அடி காற்று பாய வேண்டும். விளம்பரத்தில் காணும் எண் பெரும்பாலும் குழாயும் வடிகட்டியும் இல்லாமல் அளந்தது. உபயோகத்தில் வெகுவாகக் குறையும். நெளிந்த நீண்ட குழாய் அதை இன்னும் குறைத்து விடும்.

இரண்டாவது, வடிகட்டி எத்தகையது? 30 மைக்ரான் துணிப்பை சிராயைப் பிடித்து வைத்துக் கொண்டு, நுண்தூளை அறையெங்கும் ஊதும். இதைவிட யந்திரமே இல்லாமலிருப்பது மேல் என்று கூடச் சொல்லலாம். 1 மைக்ரான் அளவுக்கு வடிகட்டுவதைக் கேட்டு வாங்குக. காற்றைச் சுழல விட்டு, பெருந்தூளை வாளியில் விழச் செய்யும் கூம்பு ஒன்றை முன்னால் பொருத்தினால், வடிகட்டி சீக்கிரம் அடைபடாது.

நம் நாட்டில் ஒரு சௌகரியமும் உண்டு. குளிர்தேசத்தில் அறையின் காற்றை வெளியே தள்ளினால் கணப்பின் சூடும் கூடப் போய்விடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. கொல்லையில் இடமிருந்தால் குழாயை அங்கே விட்டுவிடலாம்; அண்டை வீட்டார் துணி உலர்த்தும் கொடியை மட்டும் தப்பவிட வேண்டும்.

நண்பர் சிறு யந்திரம் ஒன்றும், வாளியோடு கூடிய கூம்பு ஒன்றும் வாங்கினார். தேய்க்கும் வேலையைக் கொல்லைக்கு மாற்றினார். எந்த யந்திரமும் முழுவதும் பிடிக்காதாகையால், வேலை செய்கையில் என்95 முகமூடியும் அணிகிறார். மேஜை ரம்பம் வாங்கும் ஆசையை, அதற்கேற்ற பெரிய யந்திரமும் வாங்கும் வரையில் ஒத்தி வைத்திருக்கிறார்.

அம்மாள் இன்னும் தினமும் காலையில் கண்ணாடியில் விரலை வைத்துப் பார்க்கிறாராம். சென்ற வாரம் விரல் சுத்தமாக இருந்தது என்று கடிதம் வந்திருக்கிறது.