பேயைக் காட்டாத பேய்ப்படம்: பணம் வீணா, பயம் மிச்சமா?

பேய்ப்படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தைக் கவனித்ததுண்டா? பாதிப் பேர் முகத்தில் கலவரம் இருக்கும். மீதிப் பேர் முகத்தில் கோபம் இருக்கும். "கடைசி வரைக்கும் பேயைக் காட்டவே இல்லையே, கொடுத்த வெள்ளி வீண்" என்பார் ஒருவர். "காட்டாததுனாலதான் அண்ணே எனக்குக் கைகால் நடுங்குது" என்பார் அவருடன் வந்தவர். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையானாலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவின் தேநீர்க் கடையானாலும் இந்த வாக்குவாதம் ஒரே மாதிரிதான் நடக்கும்.

ஒரே படம், ஒரே அரங்கு, ஒரே கட்டணம். அப்படியிருக்க ஒருவருக்குப் பயமும் இன்னொருவருக்கு எரிச்சலும் எப்படி வருகின்றன? குறைந்த செலவில் காட்டுக்குள் எடுக்கப்படும் திகில் படங்களை வைத்து இதைப் பார்ப்பது பொருத்தம். நட்சத்திரம், பாட்டு, பிரம்மாண்டம் எதுவும் அவற்றில் இல்லை. ரசிகரின் மனத்தை மட்டுமே நம்பி எடுக்கப்படும் படங்கள் அவை.

உலகைப் பிரித்த ஒரு படம்

இந்த வகைக்கு உலகறிந்த உதாரணம், 1999-இல் அமெரிக்காவில் வெளியான 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்'. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இரண்டு புதிய இயக்குநர்களின் படைப்பு. சூனியக்காரி பற்றிய பழங்கதையைத் தேடி மூன்று மாணவர்கள் காட்டுக்குள் போகிறார்கள். திரும்பி வரவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற படச்சுருள் மட்டுமே கிடைக்கிறது. கதை அவ்வளவுதான்.

1997 அக்டோபரில் மேரிலாண்ட் மாநிலத்துக் காட்டில் எட்டே நாளில் படப்பிடிப்பு முடிந்தது. கேமராவைப் பிடித்தவர்களும் நடிகர்கள்தான். வசனத்தை அவர்களே அந்தந்த இடத்தில் பேசிக்கொண்டார்கள். நாளுக்கு நாள் அவர்களுக்குக் கொடுக்கும் உணவைக் குறைத்தார்கள். இரவில் இயக்குநர்களே கூடாரத்தைக் குலுக்கினார்கள், சத்தம் எழுப்பினார்கள். ஆகவே திரையில் தெரியும் களைப்பிலும் எரிச்சலிலும் பாதி நிஜம்.

படப்பிடிப்புக்குச் சுமார் 60 ஆயிரம் டாலர் செலவானதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. உலக அளவில் வசூல் ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் டாலர். இவ்வளவு வசூலித்த படத்துக்கு, அரங்கை விட்டு வெளியே வந்த அமெரிக்க ரசிகர்கள் கொடுத்த மதிப்பெண் என்ன தெரியுமா? ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் 'சி பிளஸ்'. அதாவது சுமார்தான். விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டிய அதே படம், அதில் நடித்த ஹெதர் டோனஹியூவுக்கு 'மிக மோசமான நடிகை' என்ற ராஸி கேலி விருதையும் வாங்கித் தந்தது.

கோபம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் உடம்பு சார்ந்தது. கையில் பிடித்த கேமரா குலுங்கும்போது, 'நீ ஓடுகிறாய்' என்று கண் மூளைக்குச் சொல்கிறது. 'இல்லை, நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்' என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்பாடுதான் தலைசுற்றலாகவும் குமட்டலாகவும் வருகிறது. கேமரன் மலைக்குப் போகும் வளைவுப் பாதையில், காருக்குள் புத்தகம் படிப்பவருக்கு வாந்தி வருவதும் ஏறக்குறைய இதனால்தான். பிளேர் விட்ச் படத்துக்கு வந்த ரசிகர்கள் பலருக்கு இப்படி ஆனது. குமட்டலோடு வெளியே வருகிறவர் படத்தைப் பாராட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது காரணம் விளம்பரம். 'நடித்தவர்கள் உண்மையிலேயே காணாமற் போனார்கள்' என்ற எண்ணத்தைப் பரப்பித்தான் படத்தை விற்றார்கள். காணவில்லை என்று துண்டறிக்கை கொடுத்தார்கள், இணையத்தில் பொய்ச் சான்றுகளை வைத்தார்கள். மகளை இழந்துவிட்டதாக எண்ணி ஹெதரின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன. மகளோ உயிரோடு, நலமாக இருந்தார்! உண்மை என்று நம்பிப் போனவர், கதை என்று தெரிந்ததும் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். 'உலகிலேயே பயங்கரமான படம்' என்று கேட்டுப் போனவர், மரக்குச்சிகளையும் இருட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டது படத்தை மட்டும் அல்ல, கொடுத்த வாக்கையும்தான்.

மூன்றாவது காரணம் பழக்கம். பேய் என்றால் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், திடீர் அலறல் என்று பழகிய கண்ணுக்கு, ஒன்றுமே வராத இருட்டு பேயாகத் தெரிவதில்லை. காட்டாத பேயை ரசிகர்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்தவருக்குத் தூக்கம் போகும். செய்யாதவருக்கு நேரம் போகும்.

நம் மண்ணின் காடு

மலேசியத் தமிழருக்குக் காட்டுப் பயம் புதிதா? காட்டை அழித்துப் பால்மரம் நட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். லயத்து வாசலில் பாட்டி சொன்ன முனிக் கதைகளுக்குத் திரையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும், தூரத்தில் குரைத்த நாயும் போதுமாக இருந்தன. 'காட்டுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடாதே' என்ற எச்சரிக்கை இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லார் வீட்டிலும் உண்டு. இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, திரையில் ஒருவர் இருட்டில் நண்பன் பெயரைக் கத்தும்போதே முதுகு சில்லிடும்.

இங்கே திகில் படத்துக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. 1957-இல் வெளியாகி வெற்றி கண்ட மலாய்ப் படம் 'பொந்தியானாக்'. மரியா மெனாடோ நடித்தது. அதை இயக்கிய பி.என்.ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர், முன்பு தமிழ்ப் படங்களையும் இயக்கியவர். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. பார்த்தவர்கள் சொன்ன கதைதான் மிச்சம்.

அண்மைக் காலத்தில் காட்டை நம்பி எடுத்த நம் நாட்டுப் படம், எமிர் எஸ்வானின் 'ரோ'. 'ஆன்மா' என்று பொருள். 2019-இல் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2020 ஆகஸ்டில் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்குநருக்கு இது முதல் முழுநீளப் படம். குறைந்த செலவில் திகில் படங்கள் எடுப்பதற்கென்றே அமீர் முகமது தொடங்கிய குமான் பிக்சர்ஸின் தயாரிப்பு. செலவு நான்கு லட்சம் வெள்ளியைத் தொடவில்லை. காட்டோரம் தனித்து வாழும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். எங்கிருந்தோ வரும் ஒரு சிறுமி, இந்தக் குடும்பம் அழியும் என்று சொல்லிவிடுகிறாள். அதன்பின் காடு மௌனமாக நெருங்கி வருகிறது. ஆஸ்கர் விருதின் அனைத்துலகப் படப் பிரிவுக்கு மலேசியா அனுப்பிய படம் இது. இறுதிப் பட்டியலை எட்டாவிட்டாலும், பெரிய பணம் இல்லாமலும் அந்தக் கதவைத் தட்டலாம் என்று காட்டியது. இதையும் 'மெதுவாக நகர்கிறது' என்று சலித்துக்கொள்பவர் உண்டு. அந்த மெதுவில்தான் பயமே இருக்கிறது என்பவரும் உண்டு.

தீர்ப்பு யார் கையில்?

ரசிகரின் கோபம் தவறா? இல்லை. டிக்கெட் வாங்கியவருக்கு, பிடிக்கவில்லை என்று சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் 'யாரும் பார்க்காதீர்கள்' என்பதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரிய நட்சத்திரப் படம் ஒரு வாரம் திட்டு வாங்கினாலும் ஓடிவிடும். உள்ளூரில் கடன் வாங்கிப் படம் எடுத்த இளைஞருக்கு முதல் வாரக் கடைசிதான் வாழ்வும் சாவும். அரங்கு காலியாக இருந்தால் அடுத்த வாரம் காட்சி இல்லை. அடுத்த படமும் இல்லை.

படைப்பாளிகளுக்கும் இதில் பாடம் உண்டு. பொய் சொல்லிக் கூட்டம் சேர்த்தால் முதல் நாள் நிறையும், பெயர் கெடும். பிளேர் விட்ச் வெளியாகி 25 ஆண்டு கழித்து, 2024-இல் அதன் மூன்று நடிகர்களும் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கோடிகள் குவிந்த படத்தில், இருட்டில் பசியோடு நடந்தவர்களின் கதி அது. சிக்கனம் வேறு, உழைத்தவருக்குக் கொடுக்காமல் இருப்பது வேறு.

அடுத்த முறை இப்படியொரு படத்துக்குப் போகும்போது கைப்பேசியை அணைத்துவிட்டு, காதைத் திறந்து வைத்துப் பாருங்கள். தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொள்ளலாம், வெட்கமில்லை. படம் பிடிக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு காரணத்தோடு சொல்லுங்கள். அந்தக் காரணம், அடுத்த படத்தை எடுக்கப் போகிறவருக்குப் பாராட்டைவிட அதிகம் உதவும்.