கையேட்டில் இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை!

விழுப்புரத்தை அடுத்த காணையில், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தி விடலாம். கடைசி வரை பார்த்தும் கிடைக்காவிட்டால்? "பெயர் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல உதவும் மொழிகளில் ஒன்று 'பைத்தான்'. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டது.

அதில் 'எல்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. 'இல்லையேல்' என்று பொருள். தேடும் கட்டளைக்குக் கீழே அதைப் போட்டால், தேடல் நடுவில் நிற்காமல் முடிந்தால் மட்டுமே வேலை செய்யும்.

இதை அறியாத பலர், தனியாக ஓர் அடையாளம் வைத்துச் சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். அதை மாற்ற மறந்தால், பட்டியலில் உள்ளவருக்கும் "பெயர் இல்லை" என்றே பதில் வரும்!

பைத்தானின் பாடக் கையேட்டில், 4-வது அத்தியாயத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. படிக்கக் காசு வேண்டாம். பொறுமைதான் வேண்டும்!