வீட்டுக்குள் இரண்டு பூனைக்குட்டிகள்: சேட்டையும் நம் பொறுப்பும்



திண்ணைக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கத்திக்கொண்டிருக்கும் பூனைக்குட்டியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவது நம் தெருக்களில் வழக்கம்தான். "ஒண்ணு மட்டும் இருந்தா அழும் உம்மா" என்று சொல்லி இரண்டாகவே கொண்டு வருவார்கள். முதல் வாரம் வீடே அவற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் போனதும் திரைச்சீலை கிழியும், பால் பாத்திரம் கவிழும், பஜ்ருக்கு முன்பே வீடு இரண்டுபடும். அப்போது அதே குட்டிகள் சாக்குப் பையில் ஏறி மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடுகின்றன. "அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிக்கு நாய்க்கும் தப்பத் தெரியாது, வண்டிக்கும் ஒதுங்கத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கும் இரண்டு குட்டிகள் வந்து எட்டு மாதமாகிறது. அந்தச் சாக்குப் பையை நாங்களும் ஒரு நாள் நினைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மார்க்கம் சொல்வது

ஒரு பெண் பூனையை அடைத்து வைத்து, அது சாகும்வரை உணவும் தராமல், பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் இருந்ததால் தண்டனைக்கு ஆளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பூனை வளர்த்தது அவள் செய்த குற்றமல்ல. கதவை மூடிவிட்டு, மூடியதால் தன் மேல் வந்த கடமையை விட்டதுதான் குற்றம்.

வெளியே திரியும் பூனை தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் வைத்த பூனைக்குக் கதவை மூடியவர் நாம். அதனால் அதன் சாப்பாடும் தண்ணீரும் விளையாட்டும் மருந்தும் நம் பொறுப்பில் வந்துவிடுகின்றன. அது ஓர் அமானிதம்.

இதற்கு நம் முன்னோர்களிடம் நல்ல உதாரணங்கள் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே, ஆடு மேய்த்த காலத்தில் அவர்கள் விளையாடிய ஒரு பூனைக்குட்டியால்தான். எகிப்தை ஆண்டு 1277-இல் இறந்த சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக விட்டுச் சென்றார். அதன் தொடர்ச்சியாகத் தம் காலத்திலும் காஜியின் நீதிமன்ற முற்றத்தில் மாலைதோறும் பூனைகளுக்கு உணவு போடப்பட்டதை, 1836-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்.

ஏன் இந்தச் சேட்டை?

பூனை வேட்டைப் பிராணி. விடியலும் அந்தியும் அதன் வேட்டை நேரம். நாம் மஃரிபுக்குத் தயாராகும்போதும், பஜ்ருக்குச் சற்று முன்பும் அது ஓடிப் பாய்வதற்குக் காரணம் இதுதான். வேட்டையாட எலி இல்லாதபோது துப்பட்டா நுனியும் முஸல்லாவின் குஞ்சமும் நம் கால் விரலும் எலியாகிவிடுகின்றன. அது நம்மீதுள்ள கோபமல்ல. அடித்தால் பயம் வருமே தவிரப் பழக்கம் மாறாது.

இரண்டு குட்டிகள் கட்டிப் புரள்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அவை அப்படித்தான் கற்கின்றன. சத்தமில்லாமல் மாறி மாறிப் புரண்டால் விளையாட்டு. காதை மடக்கி, மயிர் சிலிர்த்து, அலறினால் சண்டை. அப்போது கையை நடுவில் விடாமல், ஒரு தட்டையோ அட்டையையோ இடையில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

எங்களுக்குப் பலன் தந்த ஒழுங்கு இது: இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம், குச்சியில் துணி கட்டி இரண்டையும் ஓடவிடுவோம். உடனே இரவுச் சாப்பாடு வைப்போம். ஓடி, பிடித்து, தின்று, உடம்பை நக்கிக்கொண்டு உறங்குவது அவற்றின் இயல்பு. நள்ளிரவில் கத்தினால் எழுந்து உணவு வைக்காதீர்கள். ஒரு நாள் வைத்தால் மறுநாளும் கத்தும். பஜ்ர் தொழுத பிறகு என்று நேரம் வைத்துவிட்டால் சில வாரங்களில் பழகிவிடும்.

சோபாவைப் பிறாண்டினால், அதன் பக்கத்திலேயே தென்னங்கயிறு சுற்றிய உயரமான கட்டை ஒன்றை அசையாமல் நிறுத்துங்கள். ஏறி உட்கார ஓர் உயரமான பலகை, ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப் பெட்டி போதும். மாடி ஜன்னல்களுக்கு வலை அடிப்பது அவசியம். ஊசி நூல், ரப்பர் பேண்ட், அறுந்த தஸ்பீஹ் கயிறு ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

சுத்தமும் தொழுகையும்

அபூகதாதா (ரலி) அவர்களுக்கு வைத்த உளூத் தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துச் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி). பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ். பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். உதிர்ந்த முடி பற்றி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முஸல்லாவைத் தொழுததும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு வைப்பது நல்லது. ஒரே தட்டை இரண்டும் பயன்படுத்த மறுத்தால்தான் மூலையில் அசுத்தம் செய்யும். மலத்தைத் தினமும் அள்ளிவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் இருந்தால், அது பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் ஆபத்து குறைவு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. கருவிலுள்ள குழந்தையை அந்தக் கிருமி பாதிக்கும். தரை துடைக்கும் பினாயில் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கிவிடும் என்பதால் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

உணவு

பாலும் சோறும் மட்டும் பூனைக்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத் தரும். மாமிசச் சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் மத்தியையோ கோழியையோ உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். மீனை மட்டுமே தினமும் கொடுக்காமல் மாற்றிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சால்னா அதன் இரத்தத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரையில் இறந்துவிடலாம்.

ஊசியும் மருத்துவமும்

இரண்டு மாத வயதிலிருந்து பூனைகளுக்கான தடுப்பூசிகளும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது.

பூனை கடித்தாலோ, கீறி இரத்தம் வந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. "வீட்டுப் பூனைதானே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். கூடப் பிறந்த ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தாலும் இது நடக்கும். பிறகு அந்தக் குட்டிகளுக்கும் சாக்குப் பைதான். கருத்தடை அறுவை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு, ஐந்து மாதம் ஆவதற்குள் முடிவெடுங்கள். அதுவரை ஆணையும் பெண்ணையும் தனித்தனி அறையில் வையுங்கள்.

தூக்கி வருமுன்

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தாலும், பராமரிக்க ஆளில்லை என்றாலும் குட்டியைக் கொண்டுவர வேண்டாம். திண்ணையில் தண்ணீரும் மீன் தலையும் வைப்பதிலும் நன்மை உண்டு. கொண்டுவந்துவிட்டால், ஒரு வயதைத் தாண்டும்வரை பொறுமை வேண்டும். அதன் பிறகு சேட்டை தானாகவே குறையும். எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால் ஜமாஅத்தில் நாலு பேரிடம் சொல்லி வைத்து, வளர்க்க மனமுள்ள ஒரு வீட்டைத் தேடிக் கையில் ஒப்படையுங்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் மஃரிப் நேரத்தில் இரண்டும் ஓடுகின்றன. இப்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள்தான் குச்சியில் துணி கட்டி எடுக்கிறார்கள், தட்டு அள்ளுகிறார்கள். அமானிதம் என்றால் என்ன என்பதை நாங்கள் வாயால் சொன்னதைவிட, அந்த மணல் தட்டு அவர்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.