கிட்டார் அப்பியாசமும் கைவலியும்

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த காலந்தொட்டு மூட்டையும் தராசுமாகவே இயங்கிவரும் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில், கோடை விடுமுறை பிறந்து சில வாரங்கள் சென்றதும் இடக்கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியத்துக்காக என்னிடம் வரும் இளைஞர் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. மொத்த வியாபாரிகளின் பிள்ளைகளும், பகலெல்லாம் பொட்டலம் கட்டிவிட்டு இரவு கடையடைத்த பின் கிட்டாரைக் கையிலெடுக்கும் சிப்பந்திகளுமாகிய இவர்கள், வலி தோன்றிய வாரத்திலேயே வந்தால் வேலை சுலபம். ஆனால் அண்டை அயலார் சொன்ன வைத்தியமெல்லாம் செய்து தீர்த்து, விரல் மரத்து, தேநீர்த் தம்ளர் கைநழுவத் தொடங்கிய பிறகே வருகிறார்கள்.

இயல்பான வலி

எஃகுத் தந்தியை அழுத்தப் புகும் விரல்நுனி முதலில் எரியும், சிவக்கும். தினந்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தோல் காய்த்து அந்த எரிச்சல் தானே அடங்கும். நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து வீணை வாசிக்கும் வித்துவான்களின் விரல்களிலும் இக்காய்ப்பைக் காணலாம். இதற்கு ஔஷதம் வேண்டியதில்லை. மணிக்கட்டுக் குத்தல், பெருவிரலடி வீக்கம், நள்ளிரவில் விரல் மரத்து உறக்கம் கலைதல் ஆகியவையோ முற்றிலும் வேறு. அவற்றைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று.

விபரீத வைத்தியங்கள்

காய்ப்பு சீக்கிரம் வரவேண்டுமென்று விரல்நுனியில் சூப்பர் க்ளூ பூசிக்கொண்டு ஒரு பையன் வந்தான். பசை கண்ணாடிச் சில்லுபோல் உறைந்திருக்க, அதன் விளிம்பில் தோல் வெடித்து, அடியில் சீழ் கட்டியிருந்தது. கொப்புளத்தின்மீது சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டுத் தோலைப் பொசுக்கிக்கொள்வோரும், காய்ப்பைப் பிளேடால் சீவிச் 'சமன்' செய்வோரும் உண்டு. இவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லும் மகானுபாவர் யாரென்று நானும் நெடுநாளாகத் தேடுகிறேன்.

முறிவெண்ணெயையும் கொட்டஞ்சுக்காதித் தைலத்தையும் நான் பழிக்கவில்லை. அவற்றைச் சாக்கிட்டு, வீங்கிய மணிக்கட்டைப் பலங்கொண்டமட்டும் உருவிவிடும் கைகளையே பழிக்கிறேன். அதனினும் கொடிது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரை. அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ஒருபுறமிருக்க, வலியென்னும் எச்சரிக்கையை அடக்கிவிட்டு, காயம்பட்ட கையை மேலும் இரண்டு மணி நேரம் வாசிக்கவும் தூண்டிவிடுகிறது.

'வலிக்க வலிக்க வாசித்தால்தான் விரல் பழகும்' என்பாரும் உளர். ஜெர்மானிய இசைமேதை ஷூமான் இருபது வயதை அடுத்த பருவத்திலேயே வலக்கை விரல் சீர்கெட்டுப் பியானோ மேடையைத் துறக்க நேர்ந்ததற்கு, விரலில் கருவி பூட்டிச் சாதகம் செய்ததையே காரணமாகக் கூறுவோர் பலர். தடித்த தந்தியே ஆண்மைக்கு அழகென்று கருதுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: 1965-இல் ஆலை விபத்தில், தந்தியை அழுத்தும் தம் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி, மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டிக்கொண்டுதான் பிளாக் சப்பாத் குழுவில் உலகப் புகழ் எய்தினார்.

பரிசோதனை

கையைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். மரத்துப்போதல் நீடித்தால் நரம்புக் கடத்தல் சோதனை செய்வோம்.

மன்றாடிக் கேட்பது

'மூடுபனி' படத்துக் கிட்டார் பாட்டை ஒரே வாரத்தில் வாசித்துவிட வேண்டுமென்ற அவசரத்தைத் தயவுசெய்து விடுங்கள். பதினைந்து இருபது நிமிஷம் வாசித்தால் சற்றே ஓய்வு கொடுங்கள். மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். தந்தியை ஃப்ரெட்டுக் கம்பியை ஒட்டி அழுத்தினால் பாதி பலமே போதும். மலிவான புதுக் கிட்டார்களில் தந்தி மிக உயரத்தில் நிற்பது வழக்கமாகையால், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மிகாதபடி விற்றவரையே இறக்கித் தரச் சொல்லுங்கள். நைலான் தந்திக் கிட்டாரில் தொடங்குவது இன்னும் உத்தமம். ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் ஒருங்கே அழுத்தும் எஃப் கார்டு சில மாதங்கள் காத்திருக்கட்டும்; ஒன்றும் குடிமுழுகிவிடாது. நடுவயதில் ஆசைப்பட்டுக் கற்கவரும் சர்க்கரை நோயாளிகள் விரல்நுனியில் சிறு வெடிப்பையும் அலட்சியம் செய்யலாகாது.

விரல் மரத்ததா? அன்றே வாத்தியத்தை உறையிலிட்டு மறுநாள் காலை வைத்தியரிடம் செல்லுங்கள். வழியில் மருந்துக்கடை இருக்கும். அங்கே மட்டும் நிற்காதீர்கள், ஐயா.