வாசலில் 'டக்... டக்...': சுழல் தடுப்பு ஏன் சத்தம் போடுகிறது, அதை எப்படி அடக்குகிறார்கள்?

காலை எட்டே முக்கால். அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளம். அட்டையைத் தட்டுகிறோம். பச்சை விளக்கு எரிகிறது. இடுப்பால் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறோம். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குள் நாம் லிஃப்ட் வாசலுக்குப் போய்விடுகிறோம்.

அந்தச் சத்தம் நமக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை. சாப்பாட்டுக்கு வெளியே போகாதவர்களுக்கு இரண்டே தடவை. ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பாதுகாவல் அதிகாரிக்கு? அவருக்குப் பெரும்பாலும் 12 மணி நேர வேலை. அந்த வாசலை ஒரு நாளில் 3,000 பேர் கடந்தால் அவர் காதுக்கு 3,000 'டக்'. சிங்கப்பூரில் அந்த வேலையில் இருப்பவர்களில் பலர் மூத்தோர்.

அதனால் "சத்தமில்லாத சுழல் தடுப்பு" என்பது வெறும் ஆடம்பரமில்லை. ஆங்கிலத்தில் டர்ன்ஸ்டைல் என்று சொல்கிறார்களே, அதுதான் இந்தச் சுழல் தடுப்பு. அதை வடிவமைப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சத்தம் போடும் தடுப்பு சீக்கிரம் பழுதாகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாம் அதிகம் பார்ப்பது மூன்று கம்பி உள்ள வகை. மூன்றும் சாய்வான ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கம்பி வழியை மறித்துக் கிடையாக நிற்கும்போது மற்ற இரண்டும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒருவர் கடக்கும்போது அச்சு 120 பாகை சுற்றும். அடுத்த கம்பி மேலே வந்து வழியை மூடும்.

பெட்டிக்குள்ளே, அச்சோடு சேர்ந்து ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதன் விளிம்பில் மூன்று பள்ளங்கள். ஸ்பிரிங் அழுத்தும் ஓர் உருளை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் தள்ளும்போது உருளை பள்ளத்தைவிட்டு மேலே ஏறுகிறது, ஸ்பிரிங் இழுபடுகிறது. முதல் 60 பாகை உங்கள் உழைப்பு. பாதியைத் தாண்டியதும் இழுபட்ட ஸ்பிரிங் வேலையை எடுத்துக்கொள்கிறது. அதுவே சக்கரத்தைச் சுற்றி, உருளையை அடுத்த பள்ளத்தில் தள்ளுகிறது.

அந்த இடத்தில்தான் 'டக்'. நீங்கள் கம்பியைவிட்டு விலகிய பிறகு, பிடித்து நிறுத்த யாருமில்லாமல், கம்பிகளின் மொத்த வேகமும் ஒரே இடத்தில் போய் மோதுகிறது. உலோகத்தில் உலோகம். சில நேரம் உருளை பள்ளத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, இரண்டு மூன்று முறை ஆடி அடங்கும். 'டக்' என்பது 'டடக்' ஆவது அதனால்தான்.

இதுபோக, தாழ் ஒன்று இருக்கிறது. அட்டை சரியென்றால் மின்காந்தம் ஒன்று தாழை இழுக்கும், கடந்ததும் விடும். அது தனி 'கிளிக்'.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சுற்றும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அவசரமாக ஓடிவருபவர் கம்பியை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளினால், மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அதில் ஒரு பகுதி சத்தமாக நம் காதுக்கு வருகிறது. மீதி எங்கே போகிறது? பேரிங், உருளை, பள்ளத்தின் விளிம்பு, திருகாணிகள்... எல்லாம் சேர்ந்து அதை வாங்கிக்கொள்கின்றன. காதில் விழுவது சத்தம், கண்ணில் படாதது தேய்மானம்.

இதை மறுபக்கமாகப் படித்தால் வழி தெரிகிறது. மோதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோதலின் ஆற்றல் கால்வாசி ஆகிவிடும். கொள்கையளவில் சுமார் 6 டெசிபல் குறைவு. சத்தமும் குறையும், பாகங்களும் கூடுதல் நாள் உழைக்கும்.

வேகத்தை எப்படிக் குறைப்பது?

உங்கள் வீட்டுச் சமையலறையில் புது அலமாரி போட்டிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. இழுப்பறையை வேகமாகத் தள்ளினாலும் கடைசி இரண்டு அங்குலம் மெதுவாகப் போய் மூடும். அதற்குள் இருப்பது டேம்பர். எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் ஓர் உந்துதண்டு. எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகத்தான் நகர முடியும், அதனால் வேகம் அடங்கும். கதவுகளின் தலைப்பில் இருக்கும் 'டோர் குளோசர்' செய்வதும் அதையேதான்.

சுழல் தடுப்பிலும் அதையே வைக்கிறார்கள். வேகமாக வந்தால் கூடுதலாகத் தடுக்கும், மெதுவாக வந்தால் விட்டுக்கொடுக்கும் என்பது எண்ணெய் டேம்பரின் நல்ல குணம். மின்சாரமும் தேவையில்லை. ஆனால் நாளாக நாளாக அடைப்பான் தேய்ந்து எண்ணெய் கசியும். அப்புறம் பழைய 'டக்' திரும்பி வந்துவிடும்.

விலை கூடிய வகைகளில் மோட்டார் இருக்கும். அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஓர் உணர்கருவி சொல்லிக்கொண்டே இருக்க, மோட்டார் கடைசிச் சில பாகைகளில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கம்பியைக் கொண்டுவந்து நிறுத்தும். மோதலே இல்லை. சில வகைகளில் தாழும் எல்லா நேரமும் அசையாது. அட்டை தட்டாமல் யாராவது தள்ளினால் மட்டும், கம்பி சில பாகை நகர்வதற்குள் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆளுக்கும் வரும் 'கிளிக்' அதில் இல்லை, தாழும் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

அப்படியென்றால் நன்றாக மெதுவாக்கிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். நெரிசல் நேரத்தில் இப்படியொரு தடுப்பு நிமிடத்துக்கு 20 முதல் 30 பேரை அனுப்ப வேண்டியிருக்கும். ஒருவருக்கு இரண்டு, மூன்று விநாடி. கம்பி சாவகாசமாக வந்து நின்றால், பின்னால் வருபவரின் வயிறு முதலில் போய் மோதும். மோதலைத் தவிர்க்கப் போய் வேறொரு மோதல். அதனால்தான் டேம்பரைப் பொருத்திவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. அந்த வாசலின் கூட்டத்தைப் பார்த்துத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்று

உலோகத்தோடு உலோகம் மோதாமல் இருக்க இடையில் மென்மையான பொருள் வைக்கலாம். உருளையை நைலானில் செய்வார்கள். மோதும் இடத்தில் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் கட்டை வைப்பார்கள்.

பாலியூரித்தேன் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ஓர் அனுபவம் நினைவுக்கு வரலாம். அலமாரியில் பல வருஷம் சும்மா கிடந்த காலணியைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவோம். பாதி வழியில் அடிப்பகுதி பிசுபிசுத்து உதிர்ந்துபோகும். அந்த அடிப்பகுதி பெரும்பாலும் பாலியூரித்தேன். அதில் ஒரு வகை, பாலியெஸ்டர் அடிப்படையிலானது, வெப்பத்திலும் ஈரத்திலும் தண்ணீரோடு வினைபுரிந்து சிதைந்துவிடும். பாலியீத்தர் வகை அந்த ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும். குளிர்நாட்டில் எப்படியோ, இங்கே எந்த வகை என்று கேட்காமல் வாங்கினால் தடுப்புக்கும் அந்தக் காலணியின் கதிதான்.

வெளிப்பெட்டிக்கும் இதே கதை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்கிறோம். சாதாரண 304 வகையில், கடற்காற்று படும் இடத்தில், தேநீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கறை வரும். 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். குளிரூட்டிய கட்டடத்துக்குள் 304 போதும். கடலோரமாக, கூரையில்லாத வாசல் என்றால் யோசிக்க வேண்டும்.

பெட்டி இன்னொரு விதத்திலும் முக்கியம். மெல்லிய தகடு மத்தளத்தின் தோலைப் போன்றது. உள்ளே சின்னதாக ஒன்று தட்டினாலும் வெளியே பெரிதாகக் கேட்கும். இயந்திரப் பகுதியை நேரடியாகத் தகட்டில் முடுக்காமல், ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைப்பதும், தகட்டின் உள்பக்கம் அதிர்வை விழுங்கும் பட்டைகளை ஒட்டுவதும் செலவு குறைந்த வழிகள். தரையில் முடுக்கிய திருகாணிகள் தளர்ந்துபோனால் அது வேறு தாளம்.

எத்தனை முறை சுற்ற வேண்டும்?

ஒரு தடுப்பை நாளுக்கு 8,000 பேர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2.92 மில்லியன் சுற்று. ஒரு மில்லியன் சுற்றுக்கு ஒரு பழுது என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு தடுப்புக்கு வருஷத்தில் மூன்று பழுது. ஒரே வாசலில் 20 தடுப்புகள் இருந்தால் வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். "மில்லியன்" என்ற சொல்லைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நம் வாசலின் கூட்டத்தால் அதை வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று பழுதானால் அடுத்ததில் வரிசை நீளும். அதை வெறும் சலிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நடந்த காற்பந்து ஆட்டத்தில், லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் வைத்திருந்த 10,100 பேருக்கு 7 சுழல் தடுப்புகள்தான். வெளியே நெரிசல் கட்டுக்கடங்காமல் போக, காவல்துறை வெளியேறும் கதவு ஒன்றைத் திறக்கச் சொன்னது. உள்ளே நுழைந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள் தள்ளப்பட்டார்கள். 97 பேர் உயிரிழந்தார்கள். அதற்குக் காவல்துறையின் தவறுகள் உட்படப் பல காரணங்கள். இருந்தாலும் தடுப்புகளின் எண்ணிக்கையும் அதில் ஒரு பகுதி. பிரிட்டனின் இப்போதைய வழிகாட்டி, டிக்கெட் பார்த்து அனுப்பும் ஒரு தடுப்புக்கு மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 10,100 பேரை 7 தடுப்புகளில் அனுப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மின்சாரம் போனால்?

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறையப் பேர் கடைசியில் கேட்கிறார்கள்.

தீ எச்சரிக்கை மணி அடித்தால் அல்லது மின்சாரம் நின்றால் தடுப்பு தானாக வழிவிட வேண்டும். மூன்று கம்பி வகையில் கிடையாக நிற்கும் கம்பியை மின்காந்தம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனதும் பிடி விட்டு, கம்பி தன் எடையிலேயே கீழே விழுந்துவிடும். எளிமையான ஏற்பாடு. ஆனால் விழ வேண்டிய கம்பிக்கு ஒரு மூட்டு வேண்டும். மூட்டு என்றால் இடைவெளி, இடைவெளி என்றால் நாளடைவில் 'கடகட'. சத்தத்தைக் குறைக்க நினைக்கும் வடிவமைப்பாளர் இந்த மூட்டை எடுத்துவிட ஆசைப்படலாம். எடுக்கக் கூடாது.

கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் முழுநீளத் தடுப்புகள் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஊழியர்கள் பலருக்கு அன்றாடம் பழக்கமான வாசல் அது. அதில் விழுவதற்குக் கம்பி கிடையாது. மின்சாரம் போனால் தாழ் விடுபடும், ஆனாலும் ஒவ்வொருவராகத்தான் சுற்றி வெளியேற முடியும். அதனால்தான் அதன் பக்கத்திலேயே தள்ளினால் திறக்கும் அகலமான கதவு ஒன்று இருக்க வேண்டும். அதன் முன்னால் பொருள்களை அடுக்கி வைத்திருந்தால் அது கதவாக இருந்தும் பயனில்லை.

எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருபவர், பெரிய பெட்டியோடு வருபவர், யாருக்கும் மூன்று கம்பித் தடுப்பு சரிவராது. சிங்கப்பூரில் எம்ஆர்டி 1987ஆம் ஆண்டு நவம்பரில் ஓடத் தொடங்கிய காலத்து மூன்று கம்பித் தடுப்புகளை மூத்த வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். இப்போது நிலையங்களில் பார்ப்பது பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும் மடல் கதவுகள். கூடவே அகலமான வாயில் ஒன்றும் இருக்கும். நாம் எதையும் தள்ள வேண்டியதில்லை. தள்ளாததால் நம் வேகம் இயந்திரத்துக்குள் போவதும் இல்லை. ஆனால் ஆள் நடுவில் நிற்கும்போது மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் உணர்கருவிகள் கூடுதலாக வேண்டும்.

சத்தத்தை ஒரேயடியாக எடுத்துவிடுவதும் சரியில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பச்சை விளக்கு எதையும் சொல்லாது. வழி திறந்தது என்று தெரிய ஒரு மெல்லிய ஒலி வேண்டும். அது தேய்மானத்தால் வரும் 'டக்' ஆக இருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கட்டடத்தில் இருப்பது பழைய தடுப்பு என்றால் உடனே புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. டேம்பரில் எண்ணெய் கசிகிறதா, உருளை தேய்ந்திருக்கிறதா, ரப்பர் கட்டை இறுகிப்போயிருக்கிறதா, திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதிச் சத்தம் அடங்கும். சத்தம் மாறியிருக்கிறது என்பது பராமரிப்புக்காரருக்கு முன்பே ஒருவருக்குத் தெரியும்: பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அதே பாதுகாவல் அதிகாரிக்கு. அவர் எழுதும் பதிவேட்டில் வருகையாளர் பெயருக்கு இடம் இருக்கிறது, வாகன எண்ணுக்கு இடம் இருக்கிறது. "மூன்றாம் தடுப்பு நேற்றிலிருந்து 'டடக்' என்கிறது" என்று எழுத ஒரு வரி இருக்கிறதா?